ஒரே தடவை படித்து மறந்த புத்தகங்கள்

இயக்குநர்களின் பேட்டி எதைப் படிக்க உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு பென்சிலை எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம். பேச்சின் நடுவே ஒரு புத்தகத்தின் பெயர் வந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது அந்தப் பட்டியல் சட்டைப்பையில் இருக்கும். அப்படித் தேடி வாங்கிய புத்தகத்தைப் படித்து முடித்ததும் அநேகமாக ஒவ்வொரு தடவையும் ஒரு குழப்பம் வரும். இவர் சொன்ன புத்தகம் இதுதானா? அவர் சிலாகித்த இடம் இதில் நாலு வரிதான் இருக்கிறது. அவர் வாயே திறக்காத விஷயம் நூறு பக்கத்துக்கு ஓடுகிறது.

வாசகர் ஒருவர் ஒரு நாவலைப் பற்றிப் பேசுவதும், படம் எடுப்பவர் அதே நாவலைப் பற்றிப் பேசுவதும் வேறு வேறு காரியங்கள் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. புரிய வைத்தது ஒரு பழைய உரையாடல்.

1962 ஆகஸ்ட் 13. அன்று இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்குக்கு 63 வயது நிறைந்தது. 'தி பேர்ட்ஸ்' படத்தின் இறுதிக்கட்ட வேலைகளில் இருந்தார். ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டுடியோவில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு பிரான்சிலிருந்து 30 வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஃபிரான்சுவா த்ரூஃபோ. அதுவரை எடுத்தது மூன்று முழுநீளப் படங்கள். அதற்கு முன்பு சினிமா விமர்சகர். உங்கள் படங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் வரிசையாகப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே நீண்ட கடிதம் எழுதி, அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். த்ரூஃபோவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஹெலன் ஸ்காட் என்ற பெண்மணி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பேச்சு ஒரு வாரம் நடந்தது. அத்தனையும் ஒலிநாடாவில் பதிவானது. 1966-ல் பிரான்சிலும் மறு வருடம் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது.

அந்தக் காலத்து அமெரிக்க விமர்சகர்களில் பலர் ஹிட்ச்காக்கை நல்ல பொழுதுபோக்குக்காரர் என்ற அளவில்தான் வைத்திருந்தார்கள். த்ரூஃபோ அவரைக் காஃப்காவோடும் தஸ்தயேவ்ஸ்கியோடும் எட்கர் ஆலன் போவோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். ஆகவே தஸ்தயேவ்ஸ்கியின் பெயர் பேச்சில் வராமல் போனால்தான் ஆச்சரியம். வந்தது. ஆனால் த்ரூஃபோ எதிர்பார்த்த மாதிரி வந்ததா என்பது சந்தேகம்தான்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' மாதிரியான ஒரு பெரிய நாவலை நீங்கள் ஏன் படமாக எடுப்பதில்லை என்று பேச்சு போகிறது. ஒருநாளும் எடுக்க மாட்டேன் என்கிறார் ஹிட்ச்காக். காரணம், அது இன்னொருவருடைய சாதனை. ஒரு எழுத்தாளர் மூன்று நான்கு வருடம் உட்கார்ந்து நாவல் எழுதுகிறார், அதில் அவருடைய உயிரே இருக்கிறது. அதை இன்னொரு கூட்டம் எடுத்துக்கொண்டு போய் ஏதேதோ செய்து, கடைசியில் யாரோ ஆஸ்கருக்குப் போட்டி போடுகிறார்கள். எழுதியவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது என்கிறார். அப்புறம் தன்னுடைய வழியைச் சொல்கிறார். ஒரு கதையை ஒரே ஒரு தடவை படிப்பேன். அடிப்படை எண்ணம் பிடித்திருந்தால் புத்தகத்தை அடியோடு மறந்துவிட்டு சினிமாவை உருவாக்கத் தொடங்குவேன். டாஃப்னி து மோரியே எழுதிய 'தி பேர்ட்ஸ்' கதையை இன்று என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எந்தக் கதையின் படத்துக்கான வேலையை அந்த மாதம்கூடச் செய்துகொண்டிருந்தாரோ, அந்தக் கதையைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறார்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எழுத்தாளரை இப்படி மறக்கலாமா? பிறகு து மோரியேயின் சிறுகதையைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில் ஒரு பண்ணைத் தொழிலாளி. பெயர் நாட். மனைவி, இரண்டு குழந்தைகள். சின்ன வீடு. பறவைகள் தாக்கத் தொடங்குகின்றன. அவன் ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறான், கணப்புக்கு விறகு சேர்க்கிறான், வானொலியில் செய்திக்குக் காத்திருக்கிறான். கடைசியில் வானொலியும் அடங்கிப்போகிறது. போர்க்கால இங்கிலாந்தின் பயம் முழுவதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. படத்திலோ ஊர் கலிஃபோர்னியாவில் இருக்கும் போடேகா பே. நாயகி பணக்காரப் பெண், ஒரு ஜோடிப் பறவைகளைக் கூண்டில் வைத்துக் காரில் எடுத்துக்கொண்டு வருகிறாள். நாட் இல்லை, அவன் குடும்பம் இல்லை. காரணம் சொல்லாமல் பறவைகள் மனிதர்கள் மீது பாய்கின்றன என்பதும், பறவைகள் சூழ வீட்டுக்குள் அடைபட்ட மனிதர்களும் மட்டும்தான் மிச்சம்.

அவர் பொய் சொல்லவில்லை. கதையை மறந்துதான் இருந்தார். மறந்த பிறகும் எது உள்ளே தங்கியதோ அதைத்தான் படமாக எடுத்தார்.

தஸ்தயேவ்ஸ்கிக்கு வருவோம். எடுக்க மாட்டேன் என்பதோடு ஹிட்ச்காக் நிறுத்தவில்லை. எடுத்தாலும் நன்றாக வராது என்கிறார். ஏன் என்று த்ரூஃபோ விடாமல் கேட்கிறார். அந்த நாவலில் ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன, அவை அத்தனைக்கும் வேலை இருக்கிறது என்பது பதில். தலைசிறந்த படைப்பு என்பது தனக்குரிய வடிவத்தை ஏற்கெனவே அடைந்துவிட்ட ஒன்று என்று த்ரூஃபோ அதை முடித்துக்கொடுக்கிறார். அதைச் சரியாகத் திரைக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஆறு முதல் பத்து மணி நேரப் படம் எடுக்க வேண்டும் என்கிறார் ஹிட்ச்காக். இன்று ஒரு நாவலை எட்டுப் பகுதி வெப் சீரிஸாக எடுக்கிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கை அவர் 1962-லேயே போட்டுவிட்டார்.

ஒரு நாவலைப் பற்றி எவ்வளவோ பேர் எவ்வளவோ உயர்வாகச் சொல்லியிருக்கலாம். சொற்கள் அத்தனைக்கும் வேலை இருக்கிறது என்பதைவிடப் பெரிய மரியாதையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை ஒரு வாசகர் சொல்லவில்லை. அந்தச் சொற்களில் ஒன்றைக்கூடத் திரையில் வைக்க முடியாதவர் சொன்னார்.

அதே உரையாடலில் இரண்டு வெள்ளாடுகளின் கதை ஒன்றும் வரும். பிரபலமான நாவலிலிருந்து எடுத்த படத்தின் ஃபிலிம் சுருள்களை இரண்டு ஆடுகள் மென்று தின்றுகொண்டிருந்தனவாம். ஒரு ஆடு இன்னொன்றிடம் சொன்னதாம், எனக்கென்னவோ புத்தகம்தான் இன்னும் நன்றாக இருந்தது என்று. நம் ஊரிலும் தியேட்டர் வாசலில் இந்த ஆட்டைப் பார்க்கலாம்.

ஹிட்ச்காக் படங்களில் கணிசமானவை ஏதோ ஒரு நாவலிலிருந்தோ நாடகத்திலிருந்தோ சிறுகதையிலிருந்தோ வந்தவை. 'சைக்கோ' ராபர்ட் பிளாக் 1959-ல் எழுதிய நாவல். அதன் திரைப்பட உரிமையை வாங்குவது ஹிட்ச்காக் என்று வெளியில் தெரியாமல் 9,000 டாலருக்கு வாங்கினார்கள். பிளாக்குக்கே பிறகுதான் தெரிந்தது. இந்த நாவலில் உங்களைக் கவர்ந்தது என்ன என்று த்ரூஃபோ கேட்கிறார். குளியலறையில் நடக்கும் கொலையின் திடீர்த்தன்மை, எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் என்கிறார் ஹிட்ச்காக்.

நாவலில் அந்த இடம் எப்படி இருக்கிறது? அந்தப் பெண் ஷவருக்கு அடியில் நிற்கிறாள். திரை விலகுகிறது. ஒரு முகம். கத்தி. அத்தியாயம் முடிந்துவிடுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் கடந்து போகிற சில வரிகள். படத்தில் அந்தச் சில வரிகளுக்கு ஹிட்ச்காக் ஏழு நாள் செலவழித்தார். கேமராவை எழுபது இடங்களில் வைத்து எடுத்த அந்தக் காட்சி திரையில் 45 விநாடி ஓடுகிறது என்று அவரே த்ரூஃபோவிடம் கணக்குச் சொல்கிறார். நாவலின் நார்மன் நாற்பது வயதுக்காரன், பருத்த உடம்பு, கண்ணாடி போட்டவன், குடிப்பவன். பார்த்தவுடன் ஒதுங்கத் தோன்றும் ஆள். படத்தில் ஆன்டனி பெர்க்கின்ஸ் ஒல்லியாக, கூச்சத்தோடு, நம் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி வந்து ரொட்டியும் பாலும் கொடுக்கிறான். கதாநாயகி செத்துப்போன பிறகு யாரோடு மீதிப் படத்தைப் பார்ப்பது என்று தவிக்கும் நாம் அவனோடு ஒட்டிக்கொள்கிறோம். நாவலின் நார்மனோடு அப்படி ஒட்ட முடியாது.

'வெர்ட்டிகோ' இன்னும் சுவாரஸ்யமான விவகாரம். புவாலோ, நார்ஸெஜாக் என்று இருவர் சேர்ந்து எழுதிய பிரெஞ்சு நாவல் அதற்கு மூலம். இறந்துபோன காதலியைப் போலவே இருக்கும் இன்னொரு பெண்ணை நாயகன் கண்டுபிடிக்கிறான். இவள்தான் அவள் என்ற உண்மை நாவலின் கடைசியில்தான் நமக்குத் தெரியும். ஹிட்ச்காக் அந்த ரகசியத்தைப் படம் முடிவதற்கு வெகுமுன்பே பார்வையாளரிடம் உடைத்துவிடுகிறார். நாயகனுக்கு மட்டும் தெரியாது. கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்களாம்.

அவர் த்ரூஃபோவுக்குச் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அம்மா குழந்தைக்குக் கதை சொல்கிறாள். நடுவில் கொஞ்சம் நிறுத்துகிறாள். குழந்தை உடனே கேட்கும், அப்புறம் என்ன ஆச்சு? அந்த நாவலின் இரண்டாம் பாதியைப் படித்தபோது, இனி அப்புறம் எதுவும் இல்லை என்பது மாதிரி எழுதியிருப்பதாக அவருக்குப் பட்டது. ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், இவனுக்குத் தெரிய வரும்போது என்ன செய்வான் என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருக்கும். நாவலுக்கு அந்த முடிச்சு கடைசிப் பக்கம்வரை தேவைப்பட்டது. படத்துக்கு அது பாரமாக இருந்தது. ஒருவர் மேலும் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு புத்தகத்தை மறக்க அவரை விடாத சந்தர்ப்பமும் இருந்தது. 1940-ல் வந்த 'ரெபெக்கா', அமெரிக்காவில் அவர் எடுத்த முதல் படம். அதுவும் து மோரியேயின் நாவல்தான், 1938-ல் வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக். ஹிட்ச்காக் தன் வழக்கப்படி கதையை வளைத்து எழுதிக் கொடுத்தபோது செல்ஸ்னிக் கொதித்துப்போய் நீண்ட குறிப்பு எழுதி அனுப்பினார். நாம் வாங்கியது 'ரெபெக்கா', எடுக்கப்போவதும் 'ரெபெக்கா'தான் என்பது அதன் சாரம். லட்சக்கணக்கானவர்கள் படித்த நாவலில் கை வைத்தால் அவர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். அவ்வளவு விசுவாசம் காட்டியும் ஒரு பெரிய மாற்றத்தைத் தவிர்க்க முடியவில்லை. நாவலில் கணவன் மனைவியைச் சுட்டுக் கொன்றவன். கொலை செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் படத்தில் அவள் தடுமாறி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். அந்த வருடத்தின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு, அது ஹிட்ச்காக் படமே இல்லை என்று த்ரூஃபோவிடம் சொல்கிறார் ஹிட்ச்காக்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்பதை நினைவில் வைத்தால்தான் இந்த உரையாடலின் முழு ருசியும் தெரியும். த்ரூஃபோ புத்தகப் பைத்தியம். விமர்சகராக அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே நாவல்களைப் படமாக்குவது பற்றிய சண்டைதான். 1954 ஜனவரியில் 'கையே து சினிமா' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாவலில் சில இடங்களைப் படமாக்க முடியாது, அதற்கு ஈடாக வேறு காட்சி எழுதிக்கொள்ளலாம் என்று அன்றைய பிரபல பிரெஞ்சு வசனகர்த்தாக்கள் ஒரு வழிமுறை வைத்திருந்தார்கள். யார் முடிவு செய்தது அது படமாகாது என்று? முடியாது என்று சொல்லித் தூக்கிப்போட்ட இடத்தில் உங்களுக்குத் தோன்றியதை வைப்பது எந்த ஊர் நியாயம்? கட்டுரை முழுக்க இந்த ஆவேசம்தான். பிரெஞ்சு சினிமாவில் பெரிய இடத்தில் இருந்தவர்கள் பலரும் அந்த 21 வயதுப் பையனின் மேல் எரிச்சலானார்கள்.

அடுத்த வருடம் ஒரு பழைய புத்தகக் குவியலில் அவர் கைக்கு ஒரு நாவல் சிக்கியது. 'ழூல் எ ழிம்'. எழுதியவர் ஹான்ரி பியர் ரோஷே. அது அவருடைய முதல் நாவல், வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. த்ரூஃபோ அதைத் திரும்பத் திரும்பப் படித்தார், ஏறக்குறைய மனப்பாடம் ஆகும்வரை. வேறொரு படத்தின் விமர்சனத்தில் அந்த நாவலைப் பாராட்டி இரண்டு வரி எழுத, அதைப் பார்த்துவிட்டுக் கிழவரே கடிதம் போட்டார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். என்றாவது அதைப் படமாக எடுப்பேன் என்று இளைஞர் வாக்குக் கொடுத்தார். 1962-ல் படம் வந்தபோது ரோஷே உயிரோடு இல்லை, மூன்று வருடம் முன்பே போய்விட்டார். படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு குரல் முதலிலிருந்து கடைசிவரை நாவலின் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே வரும், வேகமாக, உணர்ச்சி ஏற்றாமல். காட்சியாக மாற்ற வராத இடத்தில் ரோஷேயின் சொல்லையே காதில் விழ வைத்துவிட்டார் த்ரூஃபோ.

அந்தப் படம் வெளிவந்த அதே வருடம்தான் ஹிட்ச்காக் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒருவர் ஒரே தடவை படித்து மறப்பவர், மற்றவர் மனப்பாடம் செய்பவர். அவர்கள் இது பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளவே இல்லை. படிக்கும்போது நான் எதிர்பார்த்தது சண்டையைத்தான். யோசித்தால் அதற்கு இடமில்லை. இருவருக்குமே பிடிக்காத ஆள் ஒருவர் உண்டு. நாவலைப் பாதி மறந்து பாதி மறக்காமல், அதன் இடத்தில் சமமாக ஏதோ வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்.

புத்தகமும் நினைவும் பற்றிய இந்த ஈடுபாடு த்ரூஃபோவை விடவில்லை. ஹிட்ச்காக் உரையாடல் நூலாக வந்த அதே 1966-ல் அவர் எடுத்த 'ஃபாரன்ஹீட் 451' வந்தது. புத்தகம் வைத்திருப்பதே குற்றமாக இருக்கும் ஒரு நாடு. வாசிப்பு தடைசெய்யப்பட்ட உலகம் என்பதால் படத்தின் டைட்டிலையே எழுத்தில் காட்டாமல் ஒரு குரல் வாசிக்கும்படி வைத்தார். எரிகிற புத்தகங்களின் பக்கம் சுருண்டு கருகுவதைக் கேமரா அவ்வளவு நெருங்கிப் பார்க்கிறது. கடைசியில் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் ஆளுக்கு ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்து, தாங்களே அந்தப் புத்தகமாக நடமாடுகிறார்கள். பனி விழ விழ முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார்கள்.

நம் பக்கத்து இயக்குநர்களின் பேச்சை இதற்குப் பிறகு வேறு காதோடு கேட்க ஆரம்பித்தேன். முதலில் நினைவுக்கு வந்தவர் மகேந்திரன். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளி விழாப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நாவல். அதை முழுக்கப் படிக்கவில்லை, காளி தன் கையை இழக்கும் இடம்வரை படித்துவிட்டு மூடி வைத்துவிட்டதாக மகேந்திரன் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர்களை அவ்வளவு மதித்தவர், படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயரைப் போட்டவர், ஏன் பாதியில் மூட வேண்டும்? ஹிட்ச்காக் சொன்னதை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. கையை இழந்த ஒரு திமிர்பிடித்த அண்ணன், அவன் உயிரையே வைத்திருக்கும் தங்கை. இது போதும். மேலே படித்தால் உமாசந்திரனின் காளி வந்துவிடுவான், தன் காளி வர மாட்டான்.

நாவலில் காளியின் கை போவது புலியிடம். 1978-ல் வந்த படத்தில் லாரிச் சக்கரத்தில். சினிமாவுக்குப் புலியைக் கொண்டுவருவது கஷ்டம் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. புலி அடித்தால் அது வீரனுக்கு நேர்ந்த விபத்து. குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன் கை லாரியில் போனால் அதில் அவன் திமிருக்கும் பங்கு இருக்கிறது. கடைசிக் காட்சியில் தங்கையைக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்த பிறகும், இப்பக்கூட உங்களைப் பிடிக்கவில்லை என்று இன்ஜினியரிடம் சொல்கிற காளி அந்த லாரிச் சக்கரத்திலிருந்து எழுந்து வந்தவன்.

மறு வருடம், 1979-ல் 'உதிரிப்பூக்கள்'. மூலம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. தலைப்பே சொல்கிறது, கதையின் கண் சிற்றன்னை மேல் இருக்கிறது, தாயில்லாத குழந்தைகள் மேல் இருக்கிறது. மகேந்திரன் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். சுந்தரவடிவேலு என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரில் அவர் ஆற்றங்கரைக் கிராமத்தில் நடமாட விட்ட மனிதன் புதுமைப்பித்தனிடம் இல்லாதவன். ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்கு அழைத்துப்போகும் அந்தக் கடைசிக் காட்சியையும், அப்பா என்று கரையில் நிற்கும் பிள்ளைகளையும் 'சிற்றன்னை'யில் தேடினால் கிடைக்காது. நான் தேடியிருக்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் ஒன்று தோன்றியது. பெரியவர்கள் செய்வதை அந்தக் குழந்தைகள் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற பார்வை, அது இரண்டிலும் ஒன்றுதான்.

சத்யஜித் ராய் விஷயத்தில் நினைவு வேறு வழியில் வேலை செய்தது. 'பதேர் பாஞ்சாலி' அவர் கைக்கு முதலில் படமாக வரவில்லை, படம் போடுகிற வேலையாக வந்தது. கல்கத்தாவின் சிக்னெட் பிரஸ் 1940-களில் அந்த நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது ஓவியம் வரைந்தவர் ராய். கையால் வரைந்த காட்சிகளில் சில பிறகு 1955-ல் கேமராவில் வந்தன. படப்பிடிப்புக்கும் முழுத் திரைக்கதை என்று ஒன்றைக் கட்டி வைக்காமல், ஒரு நோட்டுப் புத்தகம் நிறையப் படம் வரைந்துதான் வைத்திருந்தார். விபூதிபூஷணின் நாவலில் துர்கா ரயில் பார்க்கும் ஆசை தீராமலே கண்ணை மூடுகிறாள். ராய் அந்த இரு பிள்ளைகளையும் நாணல் பூத்த வெளியில் ஓட வைத்து, கரும்புகையோடு ரயிலைக் கொண்டுவந்து விட்டார். நாவலில் இல்லாத அந்தக் காட்சியைத்தான் உலகம் 'பதேர் பாஞ்சாலி' என்றவுடன் நினைக்கிறது.

வெற்றிமாறனின் பேட்டிகளில் புத்தகம் வராத பேட்டி குறைவு. பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்த காலத்தில், 'கதை நேரம்' தொலைக்காட்சித் தொடருக்காகச் சிறுகதைகளைப் படித்துப் படித்துச் சுருக்கம் எழுதிக் கொடுப்பது தன் வேலையாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். ஒரு கதையைப் பத்து வரிக்குள் எழுதிப் பார்த்தால் அதில் எது எலும்பு, எது சதை என்று கை பழகிவிடும். அந்தப் பழக்கத்தின் பலனை 'அசுர'னில் பார்க்கலாம்.

பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்த சிறிய நாவல். சிதம்பரம் என்ற சிறுவன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. அப்பனும் மகனும் எட்டு நாள் காட்டிலும் ஓடையிலும் ஒளிந்து திரிகிறார்கள். அதில் என்னைக் கட்டிப்போட்டது அந்த அரிவாள் வெட்டில்லை. வெட்டுக்குப் பிறகான சோறுதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தக் காயைத் தின்னலாம், புகை தெரியாமல் எப்படி அடுப்பு மூட்டுவது, எங்கே துண்டை விரித்துப் படுப்பது என்று அப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போகிறான். பயந்து ஓடுகிறவர்களின் கதை ஒரு பையன் கரிசல் மண்ணைக் கற்றுக்கொள்கிற கதையாக மாறிவிடுகிறது. கரிசல்காட்டு இலக்கியத்தில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சட்டென்று சொல்ல எனக்கு வரவில்லை.

2019-ல் வந்த 'அசுரன்' அந்த ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. அப்பன் இளம் வயதில் சாராயம் காய்ச்சியதும், தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கான போராட்டமும், குடிசைகள் எரிவதும் நாவலில் கிடையாது. அவை வெற்றிமாறன் கொண்டுவந்தவை. இவ்வளவு அடக்கமாக இருக்கிற அப்பன் முன்பு யாராக இருந்திருப்பான் என்ற கேள்வி 'வெக்கை'யைப் படிக்கிற எவருக்கும் எழும். பூமணி அதைப் பேசாமல் விட்டார், அதில் ஒரு கனம் இருக்கிறது. வெற்றிமாறன் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினார். எனக்குப் பூமணியின் மௌனம்தான் இன்னும் நெருக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பஞ்சமி நிலம் என்ற சொல்லை அத்தனை தியேட்டர்களில் அத்தனை பேர் காதில் போட்டது படம்தான்.

2020 ஜனவரிக் கண்காட்சியில் ஒரு ஸ்டாலில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, "அண்ணே, அசுரன் புக் இருக்கா?" என்று கேட்டான். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் 'வெக்கை'யை எடுத்து நீட்டினார். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவில் புரட்டி நின்றபடியே இரண்டு பக்கம் படித்தான். தான் தேடியது அதில் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டதோ என்னவோ, முகத்தில் ஒரு யோசனை. கூட வந்தவன் கூப்பிடக் கூப்பிட நகராமல் இன்னும் ஒரு பக்கம் படித்தான். பிறகு காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். அவன் முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு ஆசை.

ஹிட்ச்காக் 1980-ல் இறந்தார். உரையாடல் நூலில் அவருடைய கடைசிக்காலப் படங்களையும் சேர்த்து த்ரூஃபோ விரிவாக்கினார். அந்தப் பதிப்பு வந்து அதிக நாள் ஆகவில்லை, 1984 அக்டோபரில் அவரும் போய்விட்டார், 52 வயதில். அந்த நூல் அவர்களுக்குப் பின்னால் வந்த இயக்குநர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் புத்தகம் ஆகிவிட்டது. 2015-ல் கென்ட் ஜோன்ஸ் அதைப் பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்தார். மார்ட்டின் ஸ்கார்செஸி, டேவிட் ஃபின்ச்சர் என்று பலர் அதில் பேசுகிறார்கள். வெஸ் ஆண்டர்சன் தன்னிடம் இருக்கும் பிரதியைப் பற்றிச் சொல்கிறார். மெல்லிய அட்டை போட்ட பதிப்பு. எடுத்து எடுத்துப் படித்ததில் அது இப்போது புத்தகமாகவே இல்லையாம். தனித்தனித் தாள்களாகிவிட்ட கட்டு, மேலே ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாராம்.